உப்புப் போட்டுக் கொடு என்றாள் தாய்

இதைப் படிக்கும் நீங்களே என் சாட்சி. மேடையில் ஏறினால் நடுவரை வணங்கி, அவையை வணங்கி, எதிரணியை ஒரு பார்வை பார்த்துவிட்டுத்தான் பேச்சைத் தொடங்குவேன். இந்தப் பக்கத்தில் நடுவரும் இல்லை, எதிரணியும் இல்லை, நேரம் முடிந்ததென்று மணி அடிப்பவரும் இல்லை. நீங்கள் மட்டும் இருக்கிறீர்கள். ஆகவே உங்கள் முன்னிலையில் சொல்கிறேன். எங்கள் தெரு மாரியம்மன் என்னைக் கைவிடவில்லை. நான் கேட்டதை அவள் கொடுக்கவில்லை. எனக்குத் தேவையானதைக் கொடுத்தாள். அந்த இரண்டுக்கும் உள்ள தூரத்தைத்தான் நான் இங்கே சொல்லப்போகிறேன்.

என் பெயர் கதிரவன். ஆரணியில் பட்டு நெய்யும் குடும்பம். வீட்டின் முன்னறையில் அப்பாவின் தறி. அந்தத் தறிச் சத்தத்துக்கு மேலே கேட்கும்படி பேசிப் பேசித்தான் என் குரல் இவ்வளவு பெரிதாயிற்று என்று அம்மா சொல்வாள். பள்ளியில் பேச்சுப்போட்டி, கல்லூரியில் வாதப்போட்டி, பிறகு ஊர் ஊராகப் பட்டிமன்றம். வந்தவாசியிலும் தெள்ளாரிலும் என் பெயர் போட்ட சுவரொட்டிகளை நானே நின்று படித்திருக்கிறேன். பெருமையாகத்தான் இருந்தது. இப்போதும் பெருமைதான், மறைப்பானேன்?

அந்த உயரத்தில் இருந்தபோதுதான் வயிறு கெட்டது. முதலில் கடுப்பு, பிறகு இரத்தம். ஒரு நாளில் எத்தனை முறை ஓடினேன் என்று கணக்கு வைப்பதையே விட்டுவிட்டேன். பெருங்குடல் முழுவதும் புண் என்றார்கள். மாத்திரைகள் மாறின, ஊசிகள் மாறின, என் உடம்பு மட்டும் தேறவில்லை. சென்ற மாசி மாதம் வேலூரில் ஒரு மருத்துவமனையில் பெருங்குடலை முழுவதுமாக எடுத்துவிட்டார்கள். சிறுகுடலின் நுனியை வயிற்றின் வலப்பக்கமாக வெளியே கொண்டுவந்து தைத்தார்கள். அதற்கு ஸ்டோமா என்று பெயர். அதன்மேல் ஒட்டிய பையில்தான் இனி எல்லாம் வந்து சேரும். ஆயுள் முழுவதும்.

மயக்கம் தெளிந்து அதைப் பார்த்தேன். ரோஜா நிறத்தில் ஈரமாக ஒரு சிறு மொட்டு. வலி இல்லை. ஆனால் என் கண்ணெதிரே அது ஒரு சத்தம் போட்டது. காற்று பிரியும் சத்தம். அடக்க முடியவில்லை. அடக்குவதற்கு அங்கே தசையே கிடையாது என்று பக்கத்தில் நின்ற சிஸ்டர் சொன்னார். அந்தக் கணத்தில் நான் உயிரைப் பற்றி நினைக்கவில்லை. ஒலிபெருக்கியைப் பற்றி நினைத்தேன். மேடையில், ஆயிரம் பேர் மூச்சடக்கிக் கேட்கும் இடத்தில், இது பேசினால்? சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து அழுதேன்.

ஸ்டோமா பராமரிப்புக்கென்றே அங்கே இருந்த அந்த சிஸ்டர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து உணவைப் பற்றிச் சொல்லிக்கொடுத்தார்.

"தம்பி, ஒடம்புல தண்ணியையும் உப்பையும் உறிஞ்சி வெச்சிகினு இருந்தது அந்தப் பெருங்குடல்தான். அது இப்ப இல்ல. அதனால வெறுந்தண்ணிய மடக்கு மடக்குன்னு குடிக்காதீங்க. உப்புக் கரைசல், உப்புப் போட்ட மோர், கஞ்சி, இதுங்கதான் ஒங்களுக்கு. கொஞ்சம் கொஞ்சமா, அடிக்கடி சாப்புடுங்க. நல்லா மெல்லுங்க. பட்டினி மட்டும் கெடக்காதீங்க. காலி வவுறுதான் அதிகமா சத்தம் போடும்."

கடைசி வாக்கியத்தை நான் நம்பவில்லை. உள்ளே எதையாவது போட்டால்தானே வெளியே ஏதாவது வரும் என்பது என் வாதம்.

வீட்டுக்கு வந்தோம். அம்மா அடுப்படியையே மாற்றியமைத்தாள். ஆரணி அரிசியைக் குழைய வேகவைத்த சோறு, இட்லி, தோல் நீக்கிய பருப்பு, கனிந்த வாழைப்பழம். வேர்க்கடலை இல்லை, தேங்காய்ச் சில் இல்லை, கீரைத்தண்டு இல்லை, பச்சை வெங்காயம் இல்லை, சோளம் இல்லை. நார் அதிகமானவை அந்தச் சிறு வாயில் அடைத்துக்கொள்ளும் என்பதால். புதிய பொருள் எதுவானாலும் ஒரு நாளைக்கு ஒன்று மட்டும், அதுவும் ஒரு கரண்டி. ஒத்துக்கொண்டால் மறுபடியும். நான் தட்டைக் காலி செய்யும் வேகம் அவளுக்குப் பிடிக்காது.

"மெல்லு கதிரு. இன்னும் மெல்லு."

தறியில் இருந்தபடியே அப்பா குரல் கொடுப்பார். "அவன் இன்னா மாடா, அசைபோட்டுகினு குந்தறதுக்கு?"

"நீங்க சும்மா இருங்க. பேசறதுக்கு மட்டும்தான் அவனுக்கு வாய வெச்சிருக்கா ஆத்தா?"

ஒருநாள் பீட்ரூட் பொரியலை நன்றாக வேகவைத்து மசித்து ஒரு கரண்டி வைத்தாள். மாலையில் பையைக் காலி செய்யப் போனேன். உள்ளே செக்கச் செவேல் என்று இருந்தது. நான் கத்தினேன், அம்மா அலறினாள், அப்பா தறியை விட்டெழுந்து ஆட்டோ பிடிக்க வெறுங்காலோடு தெருவில் ஓடினார். ஆட்டோ வந்து நின்ற பிறகுதான் அம்மாவுக்கு உறைத்தது. "ஐயோ, அது நா வெச்ச பீட்ரூட்டுங்க!" ஆட்டோக்காரர் சிரித்த சிரிப்பு தெருமுனை வரை கேட்டது. அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு எங்கள் வீட்டில் மூன்று பேரும் சேர்ந்து சிரித்தது அன்றுதான்.

அந்தச் சிரிப்பு வைகாசி அமாவாசை வரைக்கும்தான் நீடித்தது.

அமாவாசையன்று எங்கள் தெருவில் தறி ஓடாது. மற்ற நாட்களில் வீட்டுக்கு வீடு நாடா ஓடும் சத்தம், பலகை அடிக்கும் சத்தம். என் பை என்ன பேசினாலும் அதற்குள் அமுங்கிப்போகும். நானும் அதை மறந்தே போயிருந்தேன். அன்று என் பட்டிமன்ற நண்பர்கள் இருவர் என்னைப் பார்க்க வந்தார்கள். புதிய தலைப்பு ஒன்றை வைத்துக்கொண்டு நான் பழையபடி முழங்கிக்கொண்டிருந்தேன். வீடு நிசப்தம். தெரு நிசப்தம். நடு வாக்கியத்தில் வயிறு வாய்திறந்தது. நீளமாக, நிதானமாக.

ஒருவன் மற்றவனைப் பார்த்து, "டேய், நீயாடா?" என்றான்.

"நா இல்லடா!"

நான் சிரித்தேன். பேச்சைத் தொடர்ந்தேன். அவர்கள் போனபின் கதவைச் சாத்திக்கொண்டேன். என் நோய் முடிந்துவிட்டதென்று ஊர் நினைத்தது. என் பயம் அன்றுதான் தொடங்கியது. அன்று முதல் தட்டில் பாதியை ஒதுக்கினேன். வெளியே போக வேண்டிய நாளில் ஒன்றுமே உண்ணவில்லை. வயிறு அடங்கவில்லை. உடம்புதான் அடங்கிக்கொண்டே வந்தது.

ஆடி பிறந்தது. கோயிலில் கூழ் வார்க்கும் திருவிழா. அதற்கடுத்த ஞாயிறு மாலை கோயில் மேடையில் பட்டிமன்றம். "குடும்பத்தைத் தாங்கி நிறுத்துவது வருமானமா, பொறுமையா?" பொறுமைக்கு நான் தலைவன். வருமானத்துக்கு வந்தவாசியிலிருந்து கலைவாணி அக்கா. பள்ளி ஆசிரியை. எத்தனையோ மேடைகளில் என்னோடு மோதியவர். நான் பேசப்போவதைக் கேள்விப்பட்டதும் தொலைபேசியில் அழைத்தார்.

"இன்னா கதிரு, மேடப் பக்கமே காணோம்? பயந்துகினியா?"

"உங்களுக்கா?"

"பின்ன? ஞாயித்துக்கெழம வா, பொறுமைய சோதிக்கறேன்."

என் அறுவைச் சிகிச்சை அவருக்குத் தெரியும். பை தெரியாது. வீட்டாரைத் தவிர எவருக்கும் தெரியாது.

காப்புக் கட்டும் நாளன்று நான் அம்மன் முன்னால் நின்றேன். கற்பூர ஒளியில் அவள் முகம் ஆடியது. கைகூப்பிக் கேட்டேன். "தாயே, அந்த ஒரு மாலை மட்டும் என் வயிற்றின் வாயைக் கட்டு. காப்பு அவிழும்வரை ஒருவேளை மட்டும் உண்கிறேன். அதுவும் உப்பில்லாமல் உண்கிறேன்."

உப்பில்லா விரதம் எங்கள் பக்கத்து வீடுகளில் புதியதல்ல. பிள்ளை வேண்டி இருப்பார்கள், பிணி தீர இருப்பார்கள். என் மனத்திலோ அது வேண்டுதலாகவும் இருந்தது, தந்திரமாகவும் இருந்தது. குறைவாக உண்டால் குறைவாக ஓசை. தெய்வத்துக்கும் தந்தாயிற்று, மேடைக்கும் ஆயத்தமாயிற்று என்று என்னை நானே மெச்சிக்கொண்டேன். சிஸ்டரின் குரல் காதில் ஒலிக்காமல் இல்லை. அம்மனுக்கு முன்னால் மருத்துவம் எம்மாத்திரம் என்று அதற்கும் ஒரு பதிலை அடுக்கி வைத்தேன்.

அப்பா கோபித்தார். "ஆபரேசன் பண்ண ஒடம்புடா! உப்பில்லாம எப்பிடிடா தாங்கும்?"

அம்மா அழுதபடி சொன்னாள். "கோயில்ல நின்னு வாய்விட்டு சொல்லிட்டு வந்துட்டான். இனிமே அத மாத்தினா ஆத்தா சும்மா வுடுவாளாங்க?"

அவள் தன் கையாலேயே உப்பில்லாச் சோறு பிசைந்து வைத்தாள். பரிமாறும்போது என் முகத்தைப் பார்க்கமாட்டாள்.

தாகம் தொடங்கியது. சொம்பு சொம்பாக வெறுந்தண்ணீர் குடித்தேன். குடித்ததெல்லாம் பைக்கு ஓடியது. இன்னும் குடித்தேன். இன்னும் ஓடியது. கெண்டைக்கால் முறுக்கிக்கொண்டது. எழுந்து நின்றால் சுவர் சுற்றியது. கூழ் வார்க்கும் நாள் காலையில் அம்மாவைக் கூப்பிட வாயைத் திறந்தேன். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டது. குரல் வரவில்லை. வயிற்றின் வாயைக் கட்டச் சொன்னேன் அல்லவா? வயிறு பேசிக்கொண்டுதான் இருந்தது. கட்டப்பட்டது என் வாய்.

"கோயிலுக்குப் போய் கூழு படைச்சி, காப்ப அவுத்துடலாம். அப்பறம் ஆசுபத்திரிக்குப் போயிடலாம்" என்றாள் அம்மா. எவ்வளவு பயந்திருந்தாலும் படையலுக்கு முன்னால் விரதம் முடிக்க அவளுக்கு மனம் வரவில்லை. அப்பா என் தோளைத் தாங்கி நடத்தினார். பந்தலின் ஓரத்தில் என்னை உட்காரவைத்தார். பம்பை முழங்கியது. தெருப் பெண்கள் வேப்பிலை சுற்றிய கூழ்ப்பானைகளைத் தலையில் ஏந்தி வரிசையாக வந்தார்கள். அம்மா அந்த வரிசையில் வந்தாள். அவளைப் பார்த்தபடியே நான் பக்கவாட்டில் சரிந்தேன்.

அம்மாவின் பானை ஆடியது. யாரோ எட்டிப் பிடித்து இறக்கினார்கள். அவள் கூந்தல் அவிழ்ந்தது. இருபத்தைந்து ஆண்டுகளாக அந்தக் கோயிலுக்குப் பானை சுமக்கிறவள். ஒருமுறையும் அவள்மேல் சாமி வந்ததில்லை. அன்று வந்தது.

"எவன்டா எம்புள்ளயப் பட்டினி போட்டவன்?"

பம்பைக்காரர்கள் கை தானாக நின்றது. பூசாரி ஓடிவந்து கும்பிட்டார். "தாயே, இன்னா குத்தம் ஆயிப்போச்சி? சொல்லு தாயி."

"நா உப்ப விடச் சொன்னனா? பசிய கேட்டனா? நா கேட்டது கூழுடா! எம்புள்ள வவுத்துல எறங்காத கூழு எனக்கு எதுக்குடா?"

"தப்புதான் தாயி, தப்புதான்."

"ஊத்துடா அவனுக்கு. உப்புப் போட்டுக் குடு!"

பூசாரி தயங்கினார். அம்மன் உண்ணும் முன்பு அந்தக் கூழை யாரும் தொடுவதில்லை. "இன்னும் படையல் ஆவலியே தாயி..."

"நா சாப்புட்டாச்சி. ஊத்துடா ஜல்தி!"

சொம்பில் கூழ் வந்தது. மோர் ஊற்றி, கல் உப்பை அள்ளிப்போட்டுக் கரைத்தார்கள். யாரோ வெங்காயத்தைக் கையில் எடுத்தார்கள். அப்பா மட்டும் அந்த நிலையிலும் "வெங்காயம் வோணாம், வெங்காயம் வோணாம்" என்று கத்தியதை நினைத்தால் இன்றும் எனக்குக் கண் கசிகிறது. வாய்க்கு வாய் ஊட்டினார்கள். உப்பு என் நாக்கில் பட்டது. உயிர் திரும்பும்போது அதற்கு ஒரு சுவை உண்டு என்று அன்று அறிந்தேன்.

பூசாரி அம்மாவின் நெற்றியில் திருநீறு பூசினார். அவள் தளர்ந்து உட்கார்ந்தாள். சற்றுநேரம் கழித்துக் கண் திறந்தாள். "கூழு படைச்சாச்சா? ஏன் எல்லாரும் என்னியே பாத்துகினு இருக்கீங்க?" என்றாள்.

அங்கிருந்தே மருத்துவமனைக்குக் கொண்டுபோனார்கள். குளுக்கோசும் உப்பும் நரம்பில் ஏறின. மருத்துவர் நடந்ததை முழுவதும் கேட்டுவிட்டு அப்பாவிடம் சொன்னார். "உப்பு சேத்துக் குடுத்தீங்களே, அது நல்லதாப் போச்சு. மயக்கமா இருக்கான்னு இன்னும் ரெண்டு சொம்பு வெறுந்தண்ணி குடுத்திருந்தா, ஒடம்புல இருக்கற கொஞ்சநஞ்ச உப்பும் போயிருக்கும். கிட்னி தாங்கியிருக்காது."

அப்பா என்னைப் பார்த்தார். நான் அம்மாவைப் பார்த்தேன். அம்மா இடுப்பில் முடிந்திருந்த திருநீற்றை எடுத்து மருத்துவருக்கும் நீட்டினாள். அவரும் பூசிக்கொண்டார்.

எதிரணியில் இருப்பவர் எழுந்து சொல்லலாம். அது சாமியல்ல, வெளியே சொல்ல முடியாமல் ஒரு தாய் அடக்கிவைத்திருந்த ஆற்றாமை என்று. அந்த அணிக்கு நானே இன்னும் நல்ல வாதங்களை எடுத்துத் தருவேன். ஆனால் என்னால் விடை சொல்ல முடியாத கேள்வி ஒன்று இருக்கிறது. அம்மனின் கோபத்துக்கு அஞ்சி எனக்கு ஒரு கல் உப்பும் தராதிருந்தவள் அம்மா. அந்த அச்சத்தை அம்மாவிடமிருந்து யாரால் எடுக்க முடியும்? யாருக்கு அஞ்சினாளோ அவளால் மட்டும்தான். அம்மாவின் வாயில் அம்மன் பேசினாளா, அம்மனின் பெயரில் அம்மா பேசினாளா என்று பிரித்துப் பார்க்க நான் இப்போது முயல்வதில்லை. பிள்ளைக்குச் சோறு ஊட்டு என்று சொன்ன குரல் எதுவோ, அதை வணங்குகிறேன்.

படுக்கையிலிருந்தே சிஸ்டருக்குத் தொலைபேசியில் சொன்னேன். திட்டினார். நன்றாகத் திட்டினார். பிறகு முதல் பாடத்திலிருந்து தொடங்கினார். இந்தமுறை எதிர்வாதம் செய்யாமல் கேட்டுக்கொண்டேன். அந்த வாரம் முழுவதும் நேரம் தவறாமல், கொஞ்சம் கொஞ்சமாக உண்டேன். குழைந்த சோறு, இட்லி, உப்புக் கரைசல், மோர். மென்றேன். அம்மா சொல்லாமலே மென்றேன். சிஸ்டர் சொன்னது உண்மை. வேளைக்கு உண்டபோது வயிற்றின் சத்தம் பாதியாகக் குறைந்தது.

பாதிதான். முழுவதும் அல்ல.

ஞாயிறு மாலை மேடையேறினேன். என் முன்னால் ஒரு சொம்பில் உப்பு மோர், அருகில் ஒரு டம்ளர். பேச்சு சூடுபிடித்தது. கைதட்டல் விழுந்தது. பொறுமை என்னும் சொல்லை உச்சிக்குக் கொண்டுபோய், அவை அடங்கட்டும் என்று ஒரு கணம் நிறுத்தினேன். மேடை எனக்குக் கற்பித்த உத்தி அது. அந்த ஒரு கணத்தைத்தான் வயிறு பிடித்துக்கொண்டது. ஒலிபெருக்கி அதை வஞ்சகமில்லாமல் தெரு முழுவதும் எடுத்துச் சென்றது.

முன்வரிசையில் சிரிப்பு வெடித்தது. கலைவாணி அக்கா எழுந்துவிட்டார். "நடுவர் அவர்களே! எதிரணித் தலைவரோட வயிறே எங்க பக்கம் பேசுது. வருமானம் இல்லாம அதுக்குப் பசிக்குதாம்!"

அவை அதிர்ந்தது. எதற்கு நான் மாதக்கணக்கில் அஞ்சினேனோ, எதைத் தடுக்கக் கெஞ்சினேனோ, அது நடந்துவிட்டது. நான் கூட்டத்தில் அம்மாவைத் தேடினேன். அவள் சிரிக்கவில்லை, அழவும் இல்லை. தன் கையைத் தூக்கி, 'குடி' என்று சைகை காட்டினாள். நான் டம்ளரை எடுத்து மோரைக் குடித்தேன். உப்பு. அந்தக் கணத்தில் எனக்குள் ஏதோ அவிழ்ந்தது. பயம் எங்கே போனதென்று தெரியவில்லை. தேடினேன், இல்லை. அதுதான் எனக்குக் கிடைத்த பதில், நண்பர்களே. நான் சத்தத்தை நிறுத்தச் சொன்னேன். அவள் அச்சத்தை நிறுத்தினாள்.

"நடுவர் அவர்களே," என்றேன். "அக்கா சொன்னது தவறு. பசியால் இது பேசவில்லை. எனக்குப் பெருங்குடல் இல்லை. மாசி மாதம் எடுத்துவிட்டார்கள். வயிற்றில் ஒரு பையோடு உங்கள் முன்னால் நிற்கிறேன். இருக்கிற சிறுகுடல் பாவம், இரண்டு பேர் வேலையை ஒற்றையாகச் செய்கிறது. புலம்பாமல் செய்யவில்லை, கேட்டீர்கள். ஆனாலும் விடாமல் செய்கிறது. பொறுமைக்கு இதைவிட நல்ல சாட்சியை நான் எங்கே போய்த் தேடுவேன்?"

அதற்கு எழுந்த கைதட்டல் நான் வாங்கிய எந்தக் கைதட்டலைப் போலவும் இல்லை. கலைவாணி அக்கா தன் இடத்தை விட்டு என்னிடம் நடந்து வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு, காலியான டம்ளரில் சொம்பிலிருந்து மோரை ஊற்றினார். "சொல்லியிருக்கலாமில்ல தம்பி" என்றார் மெல்ல. பிறகு ஒலிவாங்கியைப் பார்த்துக் குரலை உயர்த்தினார். "ஆனா தலைப்ப வுட்டுக்குடுக்க மாட்டேன்!"

உங்களில் யாரேனும் இப்படியொரு பையோடு, தட்டைத் தள்ளிவைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு இருக்கிறீர்களா? உங்கள் தாயைக் கூப்பிடுங்கள். எந்தப் பெயரில் அவளை அறிவீர்களோ அந்தப் பெயரில் கூப்பிடுங்கள். அவளோடு பேரம் பேசாதீர்கள். உங்களை வருத்திக்கொண்டு அவளுக்கு எதையும் கொடுக்கவேண்டியதில்லை. பசிக்கிறது என்று சொல்லுங்கள், பயமாக இருக்கிறது என்று சொல்லுங்கள். அது போதும்.

அன்று தீர்ப்பு வருமானத்தின் பக்கம் போனது. நான் தோற்றேன். நன்றி சொல்ல என்னை அழைத்தபோது, அவையின் தலைகளுக்கு மேலாக, மேடைக்கு எதிரே திறந்திருந்த கருவறையை நோக்கினேன். ஒலிவாங்கியைக் கையில் எடுத்துக்கொண்டேன். தெரு முழுவதும் கேட்க, முன்வரிசையில் அம்மா கேட்க, இப்படிச் சொன்னேன்:

"தாயே, இனி என் பசியை உனக்குக் காணிக்கையாக வைக்கமாட்டேன். என்னைப்போல் வயிற்றில் பையோடு வீடு திரும்பி, சோற்றைக் கண்டு அஞ்சி உட்கார்ந்திருப்பவர் இந்த ஊரில் எவர் இருந்தாலும், அவர் வீட்டுக்கு நானே போவேன். அவருக்கு எதிரில் உட்காருவேன். முதல் கவளத்தை அவரோடு சேர்ந்து உண்பேன். மெதுவாக, மென்று, உப்புப் போட்டு."